கைப்பேசி மின்கலமும் நம் பொறுப்பும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

எல்லாப் புகழும் இறைவனுக்கே. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தீப்பெட்டி அளவே உடையது. பேட்டரி என்று நாம் வழங்கும் கைப்பேசி மின்கலமே அது. உழைக்கும் காலத்தில் மட்டுமன்றி, பயனற்றுப் போன பின்னரும் அதன்மீது நமக்குப் பொறுப்பு உண்டு என்பதை நினைவூட்டவே இவ்வுரை.

இன்றைய கைப்பேசிகளில் இருப்பவை லித்தியம் அயனி மின்கலங்கள். இவை 1991-ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தன; இவற்றை உருவாக்கிய அறிஞர் மூவர் 2019-இல் நோபல் பரிசு பெற்றனர். மின்கலத்தினுள் நேர், எதிர் முனைத் தகடுகளை மிக மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒன்று பிரித்து வைத்திருக்கிறது. எளிதில் தீப்பற்றும் திரவம் அவற்றிடையே ஊறியிருக்கிறது. ஏடு கிழிந்தாலோ உருகினாலோ உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஏற்படும். வெப்பம் மேலும் வெப்பத்தை உண்டாக்கி, இறுதியில் தீயாக வெளிப்படும்.

2007 ஆகஸ்ட் 14 அன்று நோக்கியா நிறுவனம் விடுத்த அறிவிப்பு பலருக்கு நினைவிருக்கலாம். ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்த 4 கோடியே 60 இலட்சம் பி.எல்.-5சி மின்கலங்கள், மின்னேற்றும்போது அளவு மீறிச் சூடாகக்கூடும் என்றும், அவற்றை இலவசமாக மாற்றித் தருவதாகவும் அது கூறியது. உலகளவில் அதுவரை தெரியவந்தவை ஏறத்தாழ 100 நிகழ்வுகளே. பெருங்காயம் எவருக்கும் இல்லை. ஆயினும் நம் நாட்டில் அச்சம் பரவி, மக்கள் சேவை மையங்களில் குவிந்தனர். பின்னர் 2016-இல் சாம்சங் நிறுவனம் தன் நோட் 7 கைப்பேசிகளைத் திரும்பப் பெற்று, அதன் உற்பத்தியையே நிறுத்த நேர்ந்தது. பெரிய நிறுவனங்களின் பொருளிலேயே பிழை நேருமாயின், பெயரற்ற போலி மின்கலத்தை என்னென்பது? பாதுகாப்புச் சுற்று இல்லாமலும் அவை விற்கப்படுகின்றன. பி.எல்.-5சி வகை இன்றும் சிறு வானொலிகளிலும் ஒலிபெருக்கிகளிலும் பயன்படுகிறது என்பதை மறவாதீர்கள்.

உறங்குமுன் வீட்டில் எரியும் நெருப்பை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அன்று விளக்கு, இன்று தலையணைக்கடியில் மின்னேற்றப்படும் கைப்பேசி. மெத்தைமீதும் போர்வைக்குள்ளும் மின்னேற்றாதீர்கள். அடுப்பருகிலும், வெயிலில் நிற்கும் வாகனத்திலும் வைக்காதீர்கள். மின்கலம் உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ மீண்டும் மின்னேற்றவோ வேண்டாம். பழைய மின்கலத்தைப் பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள்.

தேய்ந்த மின்கலத்திலும் மின்சாரம் எஞ்சியிருக்கும். அதைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினால் வெடிக்கலாம், புகையும் நஞ்சு. மண்ணில் எறிந்தால் கோபால்ட், நிக்கல் முதலிய உலோகங்கள் நாளடைவில் நீரில் கலக்கக்கூடும். நம் கொல்லிமலையில் பிறக்கும் அய்யாறு ஆகாய கங்கையாக வீழ்ந்து, புளியஞ்சோலை வழியே திருச்சி மாவட்டச் சமவெளியை அடைகிறது. நாம் ஓடையில் எறிவது நம்மோடு நிற்பதில்லை. கீழே வாழ்வோரும் நம் அண்டை வீட்டாரே. அவர்களுக்கும் நம்மீது உரிமை உண்டு.

2022 ஆகஸ்டில் வெளியான மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய மின்கலங்களைத் திரட்டி மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்துகின்றன. வீட்டுக் குப்பையிலிருந்து பிரித்து ஒப்படைப்பது நம் கடமை. மின்கலத்தின்மீது குறுக்குக்கோடிட்ட குப்பைத்தொட்டிச் சின்னம் இருப்பதன் பொருளும் இதுவே.

ஆகவே ஜமாஅத் நிர்வாகத்தாரிடம் நாம் வைக்கும் வேண்டுகோள்: மழையும் வெயிலும் படாத இடத்தில், பள்ளிக் கட்டிடத்திற்கு வெளியே, உலர்ந்த மணல் நிரப்பிய மண்பானை ஒன்றை வையுங்கள். மின்கல முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி மக்கள் கொண்டுவந்து இடட்டும். வேலையாகக் கீழே செல்லும் இளைஞர்கள் அவற்றைக் கைப்பேசி நிறுவனச் சேவை மையத்திலோ, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமோ சேர்க்கட்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே கொண்டுவந்த பொருளை, பயன் முடிந்ததும் கீழே இறக்குவதும் நம் பொறுப்பே.

வல்ல நாயன் நம் இல்லங்களையும் இம்மலையின் நீரையும் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.