கவிராயர் ஊரில் கட்டணமில்லாத் தமிழ்க் கல்வி



திரிகூடராசப்பக் கவிராயர் தோன்றிய மேலகரத்தில் தமிழ் கற்பித்தலைப் பற்றிய பேச்சு குறவஞ்சியில்தான் தொடங்க வேண்டும். திருக்குற்றாலக் குறவஞ்சி பாடியமைக்காக மதுரை முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் அளித்த நிலம் 'குறவஞ்சி மேடு' எனப் பெயர் பெற்றது. நிலத்தின் பெயர் கேட்ட மாணவர் பலர் நூலைக் கண்டதில்லை. பாடநூலில் வரும் இரண்டொரு பாடலோடு அறிமுகம் முடிந்துவிடுகிறது.

முழு நூலும் இன்று இணையத்தில் காசின்றிக் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழன்பர்கள் ஊதியம் கருதாது நூல்களைத் தட்டச்சிட்டனர், மெய்ப்பும் பார்த்தனர். அவர்தம் பெயர்கள் தாங்கிய முகப்பை நீக்காமல் யாரும் படியெடுத்து வழங்கலாம். மேலகரத்துப் பாட்டு கடல் கடந்த அன்பர் உழைப்பால் மேலகரத்துக்கே மீண்டு வருவது, பெருமையோடு சிறிது நாணமும் தரத்தக்கதே!

தமிழக அரசு 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனும் பெயரில் இயங்குகிறது. மழலையர் பாடம் முதல் பட்டப் பாடம் வரை அங்குண்டு. பழம்பதிப்புகளின் பக்கப் படங்களும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

கிடைப்பது வேறு, கற்பிப்பது வேறு. குறவஞ்சியில் சிங்கன் பறவை பிடிக்கக் கண்ணி வைக்கிறான். அகராதியைத் திறக்கும் மாணவனுக்குக் கண்ணி பூமாலையாகவும் வரும், வலையாகவும் வரும், ஈரடிப் பாவாகவும் வரும். பறவைக்கு எந்தக் கண்ணி, பாட்டுக்கு எந்தக் கண்ணி என்று பிரித்துக் காட்ட ஆசிரியர் வேண்டும்.

தட்டச்சுப் படியையும் பழம்பதிப்பின் பக்கப் படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடச் செய்வது நல்ல பயிற்சி. சீர் பிரிப்பு மாறினாலும் ஓரெழுத்து விழுந்தாலும் சந்தம் உடைந்து காட்டிக்கொடுக்கும். அதைக் கேட்கும் செவி கணிப்பொறியை விடக் கவிஞர்க்கே மிகுதி. (மூலம் எவர்க்கும் பொது, உரை அவ்வாறன்று. உரையாசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழியும்வரை உரிமை உண்டு என்பதையும் ஆசிரியர் நினைவில் கொள்ளல் நலம். அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் இதற்கு விலக்கு.)

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. பாடல்களின் தலைப்பில் இராகமும் தாளமும் அச்சாகியுள்ளன. ஓசை அச்சில் இல்லை. குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த இரசிகமணி டி.கே.சி., பாட்டை வாய்விட்டுப் பாடிக்காட்டியே சுவை உணர்த்தினார். அக்குரல் மரபைத் தொடர்வது இவ்வட்டாரக் கவிஞர்க்கு இயலும் பணி. இசை அறிந்தார் ஒருவர், செய்யுள் அறிந்தார் ஒருவர், கைப்பேசி ஒன்று, இவை போதும். பாடியவரின் இசைவை எழுத்தில் பெற்று விக்கிமீடியா பொதுவகத்தில் ஒலிப்பதிவை இட்டால், சிங்கப்பூரிலும் கனடாவிலும் உள்ள தமிழாசிரியர் கட்டணமின்றி எடுத்தாள்வர். வசந்தவல்லி பந்தாடும் பாடலில் தொடங்கலாம். அதன் துள்ளலுக்குச் சிறுவர் தாமே தாளம் போடுவர்.