வெயிலில் விரிக்கும் படங்கு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் கதிரவனைக் கொண்டே பெயரிட்டனர். கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. அவன் படும் பக்கம் படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நீண்டு கிடக்கும் இவ்வாவியின் இரு மருங்கிலும் வாழும் மக்களுக்கு வெயில் கூலி கேளாத வேலையாள். படுவான்கரையில் அது நெல்லை உலர்த்தித் தருகிறது; எழுவான்கரையில் மீனைக் கருவாடாக்கித் தருகிறது. அவ்வேலையாளுக்கு நாம் கொடுக்க வேண்டிய கருவி ஒன்றுதான். அது தரையில் விரிக்கும் ஒரு விரிப்பு. அவ்விரிப்பைக் கையாளும் முறையையும் காத்து வைக்கும் முறையையும் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

முன்னாளில் சாணமிட்டு மெழுகிய களமே விரிப்பாக அமைந்தது. நீர்க்கரைகளில் வளரும் பன்னை அரிந்து, உலர்த்தி, இழைத்த பன்பாயும் இவ்வேலைக்கு உதவிற்று. சாக்குகளைப் பிரித்துத் தைத்த படங்கும் இருந்தது. இன்றோ பெரும்பாலான வீடுகளில் பொலித்தீன் படங்கே அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், வேறொன்றைத் தேடிச் செய்த சோதனையில் தற்செயலாகக் கிடைத்த பொருள் பொலித்தீன். அது இன்று நம் களவெட்டிகளிலும் வாடிகளிலும் நீங்கா இடம் பெற்றுவிட்டது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்துபோன பின்னர், வீடிழந்த குடும்பங்கள் பலவற்றுக்குத் தற்காலிகக் கூரையாக நின்றதும் இப்படங்குதான்.

அறுவடை இயந்திரம் வந்த பின் படங்கின் தேவை இன்னும் மிகுந்துவிட்டது. கதிரை அரிந்து, சூடு வைத்து, சில நாள் கழித்து மிதித்த காலத்தில் நெல் கதிரோடு இருக்கும்போதே ஓரளவு காய்ந்துவிடும். இப்பொழுது வெட்டும் வேலையும் அடிக்கும் வேலையும் ஒரே நேரத்தில் முடிகின்றன. ஈரம் உலராத நெல் சாக்கில் வந்து இறங்குகின்றது. அந்த நெல்லில் பொதுவாக 20 முதல் 24 சதவீதம் வரை ஈரம் இருக்கும். பூஞ்சணமும் வண்டும் அணுகாமல் சேமித்து வைக்க அதனை 14 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். நெற் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவு செய்யும்போது பார்க்கும் அளவும் அதுவே. 20 சதவீத ஈரமுள்ள 400 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்கு உலர்த்துவதென்றால், ஏறத்தாழ 28 கிலோ தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பதினாறு அடிச் சதுரப் படங்கொன்றில் மூன்று சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்பினால் கொள்ளும் நெல் ஏறக்குறைய இவ்வளவே. ஆகவே, ஒரு போகத்து உழைப்பின் பலன் கடைசியில் ஒரு படங்கின் மேல் வந்து தங்குகிறது என்பது மிகையன்று.

ஆனால் அப்படங்குக்கு நாம் காட்டும் கவனம் என்ன? “வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை, அதற்குள் உக்கிப் போயிற்றே” என்று குறைப்படுவோர் பலர். சரக்கின் தரக்குறைவு ஒரு காரணமாகலாம். எனினும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாரி வேளாண்மைக்கும் கோடை வேளாண்மைக்குமாக ஆண்டில் முப்பது நாள் படங்கை விரிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய 335 நாள்களும் அது எங்கே கிடக்கிறது? வேலியோரத்திலா? வைக்கோற் போரின் மேலா? உழவு இயந்திரத்தின் பெட்டியிலா? அப்படியாயின், முப்பது நாள் வேலைக்காக அது ஓராண்டு வெயிலைத் தின்கிறது. படங்கின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, வேலை முடிந்த பின் அதனை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதேயாகும்.

வெயில் படங்கை எப்படிக் கெடுக்கிறது? பொலித்தீன் என்பது மிக நீண்ட சங்கிலிகளைப் போன்ற மூலக்கூறுகளால் ஆனது. வெயிலிலுள்ள புறஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து அச்சங்கிலிகளை அறுத்துவிடுகின்றன. சூடு அவ்வேலையை விரைவுபடுத்துகிறது. முதலில் நிறம் வெளுக்கும். பிறகு நெகிழ்ச்சி போகும். இறுதியில் கையால் கசக்கினாலே மாவாக உதிரும். இதைத் தடுக்கவே செய்வோர் கரித்தூளையோ வேறு காப்புப் பொருள்களையோ கலக்கின்றனர். ஆயினும் அக்காப்பு சிதைவைத் தாமதிக்குமேயன்றி என்றென்றைக்கும் நிறுத்திவிடாது.

இவ்விடத்தில் தொலைநாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்வது பயனுடையது. மேலைநாடுகளில் சிலர் வீட்டு முற்றத்தில், தரைக்கு மேலே வட்டமான நீச்சல் தொட்டி அமைத்துக்கொள்கின்றனர். அந்த நீரின் மேல் கொப்புளங்கள் நிறைந்த மெல்லிய பொலித்தீன் விரிப்பொன்றை மிதக்க விடுகின்றனர். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோய்விடும். விரிப்பு அந்த ஆவியைத் தடுத்து நீரை இளஞ்சூடாக வைத்திருக்கிறது. அங்கே நீர் ஆவியாகாதிருக்க விரிப்பு. இங்கே நெல்லின் ஈரம் ஆவியாவதற்கு விரிப்பு. நோக்கம் வேறாயினும் விரிப்புக்கு வரும் கேடு ஒன்றே. அந்த விரிப்பு நீரின் மேல் கிடக்கும்வரை அதன் சூட்டை நீர் வாங்கிக்கொள்கிறது. கழற்றிச் சுருட்டி வெயிலிலேயே விட்டுவிட்டாலோ, சூடு அடுக்குகளுக்கிடையே அகப்பட்டுக் கொப்புளங்கள் சிதைகின்றன. ஆதலால் சுருட்டிய உடனே அதன் மேல் வெயில் ஊடுருவாத வெள்ளைத் துணியொன்றைப் போர்த்துகின்றனர். மருந்துகள் கலந்த தொட்டி நீர் பட்டதால் நல்ல நீரில் கழுவி, உலர்த்திய பின்னரே எடுத்து வைக்கின்றனர்.

நம் படங்குக்கும் இது பொருந்தும். மடித்து முற்றத்தில் போட்ட படங்கின் வெளிமடிப்பு நாள்தோறும் வெயிலை ஏற்று முதலில் உதிர்கிறது. அடுத்த போகத்தில் விரித்துப் பார்த்தால், மடிப்பு விழுந்த இடங்களிலெல்லாம் வரிசையாகத் துளைகள் காணப்படும். எலி கடித்தது என்று நாம் எண்ணும் துளைகளுள் சில வெயில் கடித்தவையே!

இனி, செய்ய வேண்டியவற்றை முறையாகக் காண்போம்.

விரிக்கும் முன் தரையைக் கூட்டிக் கல்லும் முள்ளும் தாள்கட்டைகளும் இல்லாமல் செய்யுங்கள். பழைய பன்பாயோ வைக்கோலோ அடியில் இருப்பின் நன்று. படங்கைத் தரையில் இழுக்காதீர்கள். நால்வர் நான்கு மூலைகளையும் பிடித்துத் தூக்கிச் செல்க. ஓரங்களுக்குப் பாரம் வைக்கக் கூரிய கற்களை விட்டு, மணல் நிரப்பிய சிறு பைகளைப் பயன்படுத்துங்கள். நெல்லை அரை மணிக்கொரு முறை கிளறிவிட வேண்டும். அதற்கு மரப்பலகையோ வெறுங்காலோ போதும். இரும்புக் கருவி படங்கைக் கிழிக்கும். விதைநெல்லாயின் நடுப்பகல் வெயிலில் மிகுந்த கவனம் வேண்டும். நெல்மணியின் சூடு 42 பாகை செல்சியசைத் தாண்டினால் முளைப்புத் திறன் குன்றத் தொடங்கும்.

மழை திடீரென வந்தால் நெல்லை வட்டமாகக் குவித்துப் படங்கால் மூடுவோம். பத்தடி அகலமும் மூன்றடி உயரமும் உள்ள குவியலின் மேல் ஓரத்துக்கு ஓரம் பன்னிரண்டு அடி வேண்டும். பக்கத்துக்கு இரண்டடி தரையில் படிவதற்கு விட்டால், பதினாறு அடிப் படங்கு சரியாக அமையும். குவியலைச் சுற்றிச் சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். நெல்லுக்கும் பொலித்தீனுக்கும் நடுவில் ஒரு பாய் இருக்கட்டும். சூடான நெல்லைப் பொலித்தீனால் இறுக மூடினால் உள்ளே வியர்த்து, அந்நீர் நெல்லின் மேலேயே சொட்டும். மழை விட்டவுடன் மூடியைத் திறந்துவிட வேண்டும். 2011 ஜனவரியில் வந்த பெருவெள்ளத்தில் விளைந்த வயல்கள் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு, மீந்த நெல்லின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வேலை முடிந்ததும் படங்கை நன்றாக உதறுங்கள். மடிப்பில் தங்கும் பத்து நெல்மணி போதும், எலியை அழைத்துவர. கருவாடு உலர்த்திய படங்கை நல்ல நீரால் கழுவ வேண்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓரத்திலுள்ள உலோகக் கண்களைத் துருப்பிடிக்கச் செய்யும். நெல்லுக்கு ஒரு படங்கு, மீனுக்கு வேறொரு படங்கு என்று பிரித்து வைத்தல் சிறந்தது. கழுவியதை நிழலில் கொடி கட்டித் தொங்கவிட்டு இரு பக்கமும் உலர விடுங்கள். ஈரத்தோடு மடித்தால் ஒட்டியிருக்கும் தூசியிலும் உமியிலும் பூஞ்சணம் பிடித்து, அடுத்த முறை அது நெல்லில் ஏறும்.

மடிப்பதைவிடச் சுருட்டுவது மேல். கமுகந் தடியொன்றை நடுவில் வைத்து, மாலையில் சூடு ஆறிய பின் இருவராகச் சுருட்டுங்கள். மடித்தே ஆக வேண்டுமாயின் ஒவ்வொரு முறையும் மடிப்பு வேறிடத்தில் விழட்டும். சுருளைக் கயிற்றால் தளர்வாகக் கட்டி, சாக்கினால் உறையிட்டு, வெயில் படாத அறையில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். தகரக் கூரையை ஒட்டி வைக்க வேண்டாம். அங்கே சூடு மிகுதி. அடுப்புக்கு அருகிலும், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து இருக்குமிடத்திலும் வைத்தலாகாது. நாளை உணவு நெல்லைத் தாங்கப்போகும் விரிப்பல்லவா? மாதம் ஒருமுறை எலி, கறையான் பார்த்துவிடுங்கள். அறுவடைக்கு இரண்டு கிழமை முன்பே விரித்துப் பார்த்துக் கிழிசலை ஒட்டி வைத்தால், களத்தில் பதற வேண்டியிராது.

எவ்வளவு பேணினும் ஒரு நாள் படங்கு முதுமையடையும். அதனை அறியும் வழி எளிது. ஓரத்தைக் கையால் கசக்குங்கள். பொடி உதிர்ந்தால் அது இனி நெல்லுக்கு ஆகாது. உதிரும் துணுக்குகள் நெல்லோடு கலந்து சோற்றுப் பானைக்கே வந்துவிடும். நல்ல பகுதி இருந்தால் வெட்டி விறகு மூடவோ, கோழிக்கூட்டுக்கு மறைப்பாகவோ கொள்ளலாம். எஞ்சியதைக் கிழித்து வாவிக்கரையில் எறியாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். உள்ளூராட்சி மன்றத்தின் கழிவு வண்டி வருமிடங்களில் கட்டி ஒப்படையுங்கள். வெயிலில் நொறுங்கிய பொலித்தீன் மறைந்துபோவதில்லை. கண்ணுக்குத் தெரியாத துகளாகிறது. மழைநீரோடு வாய்க்கால் வழியே வாவியை அடைந்து, கண்டல் வேர்களிடையே தங்கி, நண்டும் இறாலும் மீனும் உண்ணும் சேற்றில் கலக்கிறது. படுவான்கரையில் கவனமின்றி விட்ட படங்கு எழுவான்கரை மீனவரின் வலைக்கு வந்து சேர்கிறது. வாவி ஒன்றுதான், அதன் கரைகள்தாம் இரண்டு.

ஆதலால் நேயர்களே, அடுத்த அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்த அன்று மாலையே இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உதறி, கழுவி, நிழலில் உலர்த்தி, சுருட்டி, உறையிட்டு, உயரத்தில் வையுங்கள். ஓராண்டில் போகும் படங்கு மேலும் சில போகம் உழைக்கும். உங்கள் பணமும் மிஞ்சும். நெல்லும் துப்புரவாக இருக்கும். வாவிக்குப் போகும் குப்பையும் அந்த அளவுக்குக் குறையும்.