நட்சத்திரத்துக்கு முன் லிட்டர்

கோபர்கைரனேயில் கீசர் வாங்கப் போகும் நேயர்களே, நட்சத்திரத்தை எண்ணுவதற்கு முன் லிட்டரைப் பாருங்கள். மின்சாரக் கீசர் எதுவானாலும், இழுக்கும் கரண்டை ஏறக்குறைய முழுவதும் சூடாக மாற்றிவிடும். வித்தியாசம், தொட்டியில் தேங்கிய வெந்நீர் எவ்வளவு ஆறுகிறது என்பதில்தான். நட்சத்திர முத்திரை அளப்பதும் அந்த இழப்பையே. 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற அரை யூனிட்டுக்கும் குறைவாகவே செலவாகும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு பேர் வாளியில் குளிக்கலாம். அந்த இரண்டு பேருக்கு 25 லிட்டர் தொட்டி வீண்.

வெயில் இலவசமாயிற்றே, சோலார் வைத்தால் என்ன? நியாயமான கேள்வி. சொந்த மொட்டைமாடி உள்ள சிட்கோ ரோ ஹவுஸுக்கு நான் அதையே சொல்வேன். அடுக்குமாடியிலோ மாடி சொசைட்டிக்குப் பொது; கீழ்த்தளம்வரை நீளும் குழாயில் நிற்கும் தண்ணீர் ஆறிப்போகும், சூடு வரும்வரை திறந்துவிட்டுக் கொட்ட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் வேறு மறைக்கும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசரில் ஆறும் இழப்பு சொற்பம். ஆனால் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர்கூட நல்ல சூட்டில் தராது. பழைய வயரிங் தாங்குமா என்றும் எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டும். காலையில் நாலு பேர் அடுத்தடுத்துக் கிளம்பும் ஃப்ளாட்டுக்கு என் தேர்வு, ஐந்து நட்சத்திர 15 லிட்டர் கீசர்; ஒருவர் குளிக்கும்போதே அடுத்தவருக்குத் தண்ணீர் சூடேறிக்கொண்டிருக்கும். குளிக்கக் கால்மணி முன் போட்டு, கடைசி ஆள் குளிக்கப் போகும்போதே அணைத்துவிடுங்கள்.