ஓடை மணலுக்கு மூச்சு இருக்கா?

போன எபிசோடைக் கேட்டுவிட்டு ஒருத்தர் எழுதியிருந்தார்: “ஓடை மணல்ல நுண்ணுயிர் இருக்கான்னு மைக்ரோஸ்கோப்ல பார்த்தா போதாதா, அது வேலை செய்யுதான்னு வேற ஏன் அளக்கணும்?” இருக்கிறது வேற, வேலை செய்றது வேறங்க. பாதி தூங்கிக்கிட்டுகூட இருக்கலாம்.

பழைய வழி, மணலைத் தோண்டி பாட்டிலில் அடைத்து, இருட்டில் வைத்து, ஆக்ஸிஜன் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. ஆனா தோண்டினதுமே மணலுக்குள்ள போய் வந்துக்கிட்டிருந்த நீரோட்டம் நின்னுடுது. அளப்பது ஓடையை அல்ல, பாட்டிலை.

அதனால் ரெசாசுரின் என்ற நீலச் சாயம் பயன்படுத்துகிறோம். பால் கெட்டுப்போச்சான்னு பார்க்க ரொம்ப நாளா இருக்கிற சாயம்தான். உயிருள்ள செல்கள் சுவாசிக்கும்போது அது ரெசோருஃபின் என்ற, நன்றாக ஒளிரும் இளஞ்சிவப்புப் பொருளாக மாறும். 2008-ல் ராய் ஹாகர்ட்டியும் சக ஆய்வாளர்களும் இதை ஓடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். மேலே சாயத்தோடு கொஞ்சம் உப்பும் ஊற்றி, கீழே மாதிரி எடுக்கணும். உப்பை யாரும் தின்னமாட்டாங்க. தண்ணி எவ்வளவு கலந்துச்சுன்னு அது சொல்லிடும். நீலம் எவ்வளவு சிவப்பாச்சு என்பதுதான் கணக்கு.

என் முதல் முயற்சி, ஓரிகான் மலைக்காட்டு ஓடை ஒன்றில். சாலைப் பாலத்துக்குக் கீழே சிவப்பு ரொம்பக் கம்மியா வந்துச்சு. வண்டல் அடைத்து மணல் செத்துப்போச்சு, தோண்டித் தூர் எடுக்கணும் என்று என் வழிகாட்டிக்கு மெயிலே அனுப்பிட்டேன்.

ராத்திரி எண்களைத் திரும்பப் பார்த்தால் உப்பு முழுசா வந்திருக்கு, சாயம் ரெண்டையும் கூட்டினா குறையுது. ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் சிவப்பு பல மடங்கு. அது என் பைக்குள்ள இருந்த பாட்டில். மத்ததெல்லாம் பாறை மேல வெயில்ல வரிசையா நின்னது! ரெசோருஃபின் வெயிலில் சிதையும். படிச்சிருந்தேன், மறந்துட்டேன்.

அடுத்த வாரம் பொழுது சாஞ்சப்புறம் சாயம் ஊற்றினேன், பாட்டில்களுக்கு அலுமினியத் தாள் சுற்றி. பாலத்துக்குக் கீழேயும் சிவப்பு நல்லாவே வந்தது. மெயிலைத் திரும்பப் பெற முடியாதில்லையா? “தோண்ட வேண்டாம்” என்று இன்னொன்று அனுப்பினேன்.