எத்தனை வேளை சாப்பிடுவீங்க?

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே!

உங்களில் சிலருக்குத் தமிழ்நாட்டு மருத்துவக் கல்வியில் தனி இடம் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020-இல் வந்தது. நீட் வந்த பிறகு, இந்தச் சட்டம் வரும்வரை அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்ட இடங்கள் கிடைத்தன. அந்த முதல் அணியில் வந்தவர்கள் இன்று என் முன்னால் அங்கி அணிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

உங்களை உள்ளே அனுப்பிய தேர்வு 720 மதிப்பெண்ணுக்கு நடந்தது. இயற்பியல், வேதியியல், உயிரியல், அவ்வளவுதான். அப்பா இல்லாத வீட்டில் தம்பி தங்கைக்குச் சமைத்துப்போட்டுவிட்டுப் படித்தாயா என்று அதில் கேள்வி கிடையாது. பள்ளி நாடகத்தில் கிழவி வேடம் போட்டதற்கும், நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் குளத்தைத் தூர் வாரியதற்கும் அரை மதிப்பெண் கூட இல்லை. விளையாட்டு வீரர்களுக்கென ஒதுக்கிய சில இடங்களை விட்டால், கலந்தாய்விலும் யாரும் இதைக் கேட்பதில்லை. ஆனால் வார்டில் இவை எல்லாம் கணக்கில் வரும்.

எங்கள் மருத்துவப் பிரிவில் நடந்ததைச் சொல்கிறேன். ஐம்பதைக் கடந்த கட்டடத் தொழிலாளி ஒருவர், சர்க்கரை நோயாளி. சில நாள் சர்க்கரை ஏறி நிற்கும். சில நாள் பிற்பகலில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வேலை செய்யும் இடத்திலேயே சரிந்துவிடுவார். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று எல்லோரும் கேட்டாயிற்று. போடுகிறேன் என்றுதான் சொன்னார். ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஒரு பெண் கட்டில் அருகே குனிந்து, “ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுவீங்க?” என்று கேட்டாள். “காலையில டீயும் பன்னும்தாம்மா. மத்தியானம் கெடச்சா உண்டு. ராத்திரிதான் சோறு” என்றார். ஓ.பி. சீட்டில் காலையும் இரவும் உணவுக்கு முன் என்று எழுதியிருந்தது. காலை மாத்திரையை அவர் தவறாமல் போட்டார். அதற்கு ஈடான சாப்பாடுதான் உள்ளே போகவில்லை. மாத்திரையை அவர் சாப்பாட்டுக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தோம். மயக்கம் நின்றது.

அந்தப் பெண்ணின் அம்மா சித்தாள். அந்தக் கேள்வியை அவள் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்திருக்க வேண்டியதில்லை.

இதை வைத்து, கஷ்டப்பட்டு வந்தவர்களெல்லாம் இரக்கமுள்ள மருத்துவர்கள் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிரசவ வார்டில் வலி தாங்காமல் கத்தும் பெண்ணைப் பார்த்து, “எங்க அம்மா நாலு பெத்தாங்க, ஒரு சத்தம் போட்டிருப்பாங்களா?” என்று அதட்டியவர்களும் கஷ்டத்தில் வளர்ந்தவர்கள்தான். பட்ட துன்பம் சிலரை இளக்கும், சிலரை இறுக்கிவிடும். பலரை உடைத்தும் போடும். அதையும் மறைக்காமல் பேச வேண்டும். வறுமை நல்ல ஆசிரியர் என்று மேடையில் சொல்வது சுலபம். பசியோடு படித்த பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சோறு கிடைத்திருந்தால் இன்னும் நன்றாகப் படித்திருப்பாள்.

துன்பம் மட்டும் போதாது என்பதற்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்தவர். பெண்களே இல்லாத புதுக்கோட்டைக் கல்லூரியில் மன்னரின் தனி அனுமதியோடு சேர்ந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னாளில் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் எழுந்ததற்கு அந்தத் துயரம்தான் விதை என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? மாதர் சங்கத்தில் உழைத்தார், பத்திரிகை நடத்தினார், சென்னைச் சட்ட மேலவையில் பேசித் தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார், 1930-இல் அவ்வை இல்லம் தொடங்கினார். கூட்டம் கூட்டவும், நிதி திரட்டவும், மறுப்பவரிடம் திரும்பப் போய்க் கேட்கவும் அங்கேதான் பழகினார். அந்தப் பழக்கம் இல்லாதிருந்தால் அவர் துக்கம் ஒரு குடும்பத்தின் துக்கமாகவே நின்றுபோயிருக்கும்.

நீங்கள் சிறிய அளவில் செய்ததும் அதே வேலைதான். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் தொடங்கியது. அதன் ஏழு நாள் முகாமில் தொழுநோய் பற்றித் தெருமுனை நாடகம் போட்ட ஒரு மாணவனை எனக்குத் தெரியும். தேமல் என்று நினைத்திருந்த திட்டில் ஊசி குத்தினாலும் வலிக்கவில்லை என்று கதாநாயகனாக வந்த அவன் அதிர வேண்டும். முதல் நாள் வசனத்தை ஒப்பித்தான். கூட்டம் பாதியில் எழுந்து போனது. மறுநாள் பெரிய சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு, முன்வரிசையில் இருந்த பாட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். நாடகம் முடிந்ததும் ஒருவர் ஒதுங்கி வந்து, சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். எதிரே இருப்பவர் முகம் எப்போது மூடிக்கொள்கிறது என்பதைக் கண்டுகொள்ளும் அந்தப் பழக்கம் இன்றும் அவனிடம் இருக்கிறது. ஆறு மாதக் காசநோய் மாத்திரையை இரண்டாவது மாதத்தில் நிறுத்தப் பார்க்கிறவர்களை அவன் விடாமல் பிடித்து வைப்பதும் அதனால்தான். 2019-இல் மருத்துவப் பாடத்திட்டத்தை மாற்றியபோது மனப்பாங்கும் அறமும் நோயாளியோடு பேசும் முறையும் பாடமாகவே சேர்க்கப்பட்டன. வரவேற்கிறேன். ஆனாலும் ஊர்த் திண்ணையில் படிக்கும் பாடம் வேறு.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டு தேர்வு எழுதப்போகும் பிள்ளை ஒருத்தி உங்கள் தெருவில் நிச்சயம் இருப்பாள். அவள் வாலிபால் பந்து பரண்மேல் ஏறியிருக்கும். பாட்டு வகுப்பை நிறுத்தியிருப்பார்கள். பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையைக் கூட, படிப்பு கெடும் என்று அவளிடமிருந்து வாங்கியிருப்பார்கள். டாக்டராகிவிட்ட உங்களைப் பார்க்க அவளைக் கூட்டி வருவார்கள். எந்தப் புத்தகம், எந்தப் பயிற்சி மையம் என்று கேட்பார்கள், அதைச் சொல்லுங்கள். அப்படியே, மாலையில் ஒரு மணி நேரம் விளையாட விடுங்கள், பாட்டியின் மருந்துப் பெட்டியை அவளிடமே கொடுங்கள் என்றும் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.