வில்லின் பிடி



நாணொலியும் அம்பு மழையும் நம் காதுக்குப் பழகியவை. ஆனால் வில்லாளி கையால் பற்றுகின்ற நடு இடத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. வடமொழி நிகண்டான அமரகோசம் அதற்கு 'லஸ்தகம்' என்று தனிப் பெயரே தருகிறது. சனகனின் வில் நடுவில் முறிந்தது என்று வான்மீகி இடம் சுட்டிச் சொல்கிறார்; கம்பரோ முறிந்த ஓசையை மட்டும் நமக்குக் கேட்க விடுகிறார். தச்சுத் தொழிலில் பிறந்தவனாகையால் என் கண் வான்மீகி சுட்டிய இடத்திலேயே நிற்கிறது. அதற்குக் காரணமும் உண்டு.

எங்கள் ஊர்ப் பாடசாலை ஒன்றில் ஏகலைவன் நாடகம் போட்டார்கள். அட்டை வில் வேண்டாம், வளைகிற வில் வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். இரண்டு அங்குல அகலத்தில், இழை நேராக ஓடும் பலகை ஒன்றை எடுத்தேன். அதன் நடுவில், வில்லாளியின் முகத்தைப் பார்க்கும் பக்கத்தில், எட்டு அங்குலத் தேக்குத் துண்டொன்றை ஒட்டினேன். நடு நாலு அங்குலம் கைப்பிடி. இரு புறமும் இரண்டிரண்டு அங்குலம் சரிந்து பலகையோடு கலந்துவிடும். பார்க்க நல்ல வடிவு.

ஒத்திகையில் ஏகலைவனாக நடித்த பையன் நாணை இழுத்தான். 'டக்' என்றொரு சத்தம். பிடியின் ஒரு முனை பலகையை விட்டுக் கிளம்பிவிட்டது. "இவ்வளவு இழுக்கச் சொன்னது ஆர்?" என்று எல்லோர் முன்னிலையிலும் அவனை ஏசிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. வில்லைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து வச்சிரத்தில் குறை சொன்னேன். பிறகு தேக்கின் எண்ணெய்த் தன்மையில் குறை சொன்னேன். அதுவும் பொய்யல்ல. தேக்கை இழைத்த கையோடு ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டாவிட்டால் பிடிப்புக் குறையும். அப்படியே செய்து திரும்பவும் ஒட்டி, காயவிட்டு, இழுத்தேன். அதே இடம், அதே 'டக்'.

திண்ணையில் இருந்த ஐயா வில்லை வாங்கி, மெல்ல வளைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.

"ஒட்டிலை பிழையில்லைத் தம்பி. பலகை வளையுது, மேலை இருக்கிற துண்டு வளையேல்லை. பிறகென்ன செய்யும்?"

அவ்வளவுதான் விஷயம். சரிவு முடிகிற இடத்துக்குக் கீழேயே பலகையை நான் மெலிய இழைத்திருந்தேன். வளைவு ஒட்டுக்குள் புகுந்து அதைப் பிளந்திருக்கிறது. மரத்தின் விறைப்பு தடிப்போடு சேர்ந்து மெதுவாக ஏறுவதல்ல. தடிப்பு இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே பிடி முடிந்த பிறகும் ஓர் அங்குலத்துக்குப் பலகையைத் தடிப்பாகவே விட்டு, அதற்கப்பால் படிப்படியாக மெலிக்க வேண்டும்.

டென்மார்க்கின் ஹொல்மகார்ட் சதுப்பு நிலத்தில் 1944இல் எடுத்த எல்ம் மர வில்லுக்கு வயது ஏறத்தாழ 9,000 ஆண்டு. அதில் ஒட்டுத் துண்டே இல்லை. பிடியை ஒடுக்கமாகச் செதுக்கி, தடிப்பை மட்டும் குறைக்காமல் விட்டிருக்கிறார்கள். இரும்பைக் காணாத கைகள் அறிந்ததை, இழைப்புளி வைத்திருந்த நான் அறியவில்லை!

இரண்டாவது வில்லைச் செய்தபோது பையனைப் பட்டறைக்கு அழைத்தேன். "அண்டைக்குப் பிழை என்னிலைதான், உன்னிலை இல்லை" என்று சொன்னேன். சொல்வதற்கு வில் செய்வதைவிடச் சிரமமாக இருந்தது. அவன் வெட்கத்தோடு சிரித்தான். பிடியை ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒடுக்கி அவன் கையில் கொடுத்தேன். பற்றிப் பார்த்தான், நாணைக் காது வரை இழுத்தும் பார்த்தான். சத்தமில்லை.

"பெருவிரலுக்குக் கீழை கொஞ்சம் உறுத்துது, மாமா" என்றான்.

அரத்தை எடுத்தேன்.