பிள்ளைக்காகப் பேச ஒருவர்



“உனக்கு அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா?” பெற்றோர் மணவிலக்கு கேட்டு நீதிமன்றம் செல்லும்போது, பாட்டியும் சித்தியும் பக்கத்து வீட்டுக்காரரும்கூடப் பிள்ளையிடம் கேட்கும் கேள்வி இது. அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் எந்தப் பதிலைச் சொன்னாலும் பிள்ளை ஒருவரைக் கைவிட்டதாக நினைத்து வருந்தும். எட்டு வயதில் இவ்வளவு பெரிய சுமை எதற்கு? இதை இறக்கி வைக்க நீதிமன்றமே ஒருவரை நியமிக்க முடியும். அவரைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

சிங்கப்பூரில் அவரைப் ‘பிள்ளையின் பிரதிநிதி’ எனலாம். 2014ஆம் ஆண்டில் குடும்ப நீதிமன்றங்கள் தனி அமைப்பாக உருவான சீர்திருத்தத்தோடு வந்த ஏற்பாடு இது. இங்கிலாந்தில் இப்பணியைச் செய்பவரைக் ‘கார்டியன்’ என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பள்ளிப் படிவத்தில் கையெழுத்திடும் பாதுகாவலர் நினைவுக்கு வரலாம். இவர் பிள்ளையை வளர்ப்பவர் அல்லர். வழக்கு முடியும் வரை பிள்ளையின் நலனுக்காக மட்டும் பேசுபவர்.

‘பெற்றோரைவிடப் பிள்ளையின் நலனை அறிந்தவர் உண்டா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு துயரக் கதையே பதில்.

இங்கிலாந்தில் மரியா கோல்வெல் என்ற சிறுமி ஐந்தாண்டுகளுக்கும் மேலாக உறவினர் வீட்டில் அன்போடு வளர்ந்தாள். 1971ல் பெற்ற தாய் அவளைத் திரும்பக் கேட்டார். பராமரிப்புப் பொறுப்பு வகித்த உள்ளூராட்சி எதிர்க்கவில்லை. மரியாவுக்குப் போக மனமில்லை. ஆனால், அவளுக்கென்று தனியாகப் பேச நீதிமன்றத்தில் எவரும் இல்லை. 1973 ஜனவரியில் மாற்றாந்தந்தையின் அடி உதையில் அவள் இறந்தாள். அப்போது அவளுக்கு வயது ஏழு. பொது விசாரணை நடந்தது. 1975ல் இயற்றப்பட்ட பிள்ளைகள் சட்டம், இப்படி எவரும் எதிர்க்காத வழக்கில்கூடப் பிள்ளைக்குத் தனிப் பிரதிநிதியை நியமிக்க வழிசெய்தது.

பெரியவர்கள் சண்டையிட்டாலும் சரி, சமாதானமாகப் போனாலும் சரி, பிள்ளையின் பக்கம் விடுபட்டுப் போகலாம் என்பதையே மரியாவின் மரணம் உணர்த்தியது.

இங்கு நியமிக்கப்படும் பிரதிநிதி ஒரு வழக்கறிஞர். எல்லா வழக்கிலும் அவர் வருவதில்லை. தேவை என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே வருவார். பிள்ளையைச் சந்திப்பார். பெற்றோரிடம் பேசுவார். தேவைப்பட்டால் ஆசிரியரையும் பராமரிப்பாளரையும் கேட்பார். பிறகு தம் கருத்தை எழுத்து வடிவில் நீதிமன்றத்திடம் அளிப்பார். தீர்ப்பளிப்பவர் நீதிபதிதான்.

அவருடைய வேலையில் கடினமான பகுதி ஒன்று உண்டு. பிள்ளை விரும்புவது வேறு, பிள்ளைக்கு நல்லது வேறாக இருக்கலாம். கைத்தொலைபேசி வாங்கித் தருபவரோடு இருக்கப் பிள்ளை ஆசைப்படலாம். பயந்துகொண்டே ‘எனக்கு அப்பா பிடிக்காது’ என்றும் சொல்லலாம். பிரதிநிதி அந்த விருப்பத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். எது நன்மை என்ற தம் கருத்தையும் தனியே சொல்ல வேண்டும். நம் மாதர் சாசனமும், பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது. சுயமாகக் கருத்துச் சொல்லும் வயதுள்ள பிள்ளையின் விருப்பத்தையும் கவனிக்கச் சொல்கிறது.

கேள்வி கேட்பது என் தொழில். கேட்கும் விதம் மாறினால் பதிலும் மாறும் என்பதை நாள்தோறும் பார்க்கிறேன். ‘யார் வேண்டும்?’ என்று கேட்டால் பிள்ளை நடுங்கும். ‘பள்ளிவிட்டு வந்ததும் என்ன செய்வாய்? பயமாக இருந்தால் யாரிடம் போவாய்?’ என்று கேட்டால் பேசத் தொடங்கும்.

பெற்றோருக்கும் உறவினருக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். பிரதிநிதி வரும் நாளில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள். திரும்பி வந்ததும் ‘என்ன சொன்னாய்?’ என்று துருவாதீர்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லிவரும் தூதராகப் பிள்ளையை ஆக்காதீர்கள். அதனிடம் சொல்ல வேண்டியது ஒன்றே: “நீ யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, கண்ணு. முடிவெடுப்பது பெரியவர்கள் வேலை.”

மணவாழ்வு முறியலாம். தாயும் தந்தையும் பிள்ளைக்கு என்றும் தாயும் தந்தையும்தான். அந்த உறவு இரண்டும் காயப்படாமல் காக்க நீதிமன்றம் ஒருவரை அனுப்பினால், அவரை எதிரியாகப் பார்க்காமல் வழிவிடுவோம்.